கைரோபிராக்டிக் படிக்கிறப்பவே ரிசர்ச்சுக்குள்ள எப்படி போறது

விரல்ல சொடக்கு எடுத்தா டப்புனு ஒரு சத்தம் வருதுல்ல, அது எப்படி வருதுங்கிற கேள்விக்கு இன்னைக்கும் முழுசா முடிவு கிடைக்கல. 1947ல லண்டன்ல ராஸ்டன், வீலர் ஹெயின்ஸ்னு ரெண்டு பேரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, மூட்டு சடக்குனு விலகும்போது உள்ள ஒரு குழி உண்டாகுது, சத்தம் அப்பதான் வருதுன்னு சொன்னாங்க. 1971ல லீட்ஸ்லேருந்து அன்ஸ்வொர்த்தும் அவரோட கூட்டாளிகளும் அப்படி இல்லைங்க, உண்டான குமிழி உடனே அமுங்கி உடையுது, அந்த உடையுற சத்தம்தான் நமக்குக் கேக்குதுன்னாங்க. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இந்த ரெண்டாவது விளக்கத்தைத்தான் எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கனடாவுல பேஷன்ட் பாத்துக்கிட்டிருந்த ஜெரோம் ஃப்ரையர்ங்கிற கைரோபிராக்டருக்கு இதுல திருப்தி இல்ல, அவரு ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டியில இருக்கிற கிரெக் காவ்சுக்ங்கிற ஆராய்ச்சியாளர்கிட்ட போயி இதை எம்ஆர்ஐ மெஷினுக்குள்ளயே வச்சு நேரடியா பாத்தா என்னன்னு கேட்டாரு.

பாத்தாங்க. ஃப்ரையரோட விரலை ஒரு குழாய்க்குள்ள விட்டு, அதைக் கேபிள்ல கட்டி, சத்தம் வர்ற வரைக்கும் மெதுவா இழுத்து, அது மொத்தத்தையும் எம்ஆர்ஐல வீடியோவா எடுத்தாங்க. பத்து விரல் மூட்டு. சத்தம் வர்ற அதே நேரத்துல, 310 மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்குள்ள, மூட்டுக்குள்ள கருப்பா ஒரு குழி தெரிஞ்சுது, சத்தம் முடிஞ்ச பிறகும் அது அங்கயே இருந்துச்சு, உடையல. 2015ல பேப்பர் வந்துச்சு. சரி 1947ல சொன்னதுதான் கரெக்ட்டுன்னு முடிச்சிடலாமான்னா அதுவும் இல்ல, 2018ல சந்திரன் சுஜா, பராகத்னு ரெண்டு பேரு கணக்குப் போட்டு, குமிழி முழுசா உடைய வேணாம், கொஞ்சம் சுருங்கினாலே இந்த அளவு சத்தம் வரும்னு காட்டிட்டாங்க.

ரிசர்ச்னா என்னன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். தினமும் கையில பண்ற வேலையில ஒரு சின்ன கேள்வி வரணும், அதுக்கு முன்னாடி யாரு என்ன சொன்னாங்கன்னு தேடிப் பாக்கணும், அளந்து பாக்க ஒரு வழி கண்டுபிடிக்கணும், வந்த பதிலை எல்லாரும் பாக்கிற மாதிரி வெளியில வைக்கணும், நாளைக்கு வேற ஒருத்தர் வந்து அதை அசைச்சுப் பாத்தா ஏத்துக்கணும். இதுல பிஎச்டி முடிச்சவங்க மட்டும்தான் செய்யணும்னு எங்கயும் இல்ல. கைரோபிராக்டிக் ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒருத்தரால இந்த வேலையில ஒரு உருப்படியான பங்கு எடுத்துக்க முடியும், அது எப்படின்னுதான் இங்க சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி, தெரியாதவங்களுக்காக. கைரோபிராக்டிக்னா முதுகுத்தண்டு, கழுத்து, மூட்டு இதுல வர்ற வலிக்குக் கையால அழுத்தி அட்ஜஸ்ட்மென்ட் பண்ற சிகிச்சைத் தொழில். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது யூடியூப்ல கழுத்தைத் திருப்பி டப்டப்புனு சத்தம் வர வைக்கிற வீடியோவாத்தான் தெரியும். ஆனா அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, டென்மார்க்லயெல்லாம் இது வருஷக்கணக்கா படிச்சு லைசென்ஸ் வாங்கிப் பண்ற தொழில். டொரன்டோவுல கனடியன் மெமோரியல் கைரோபிராக்டிக் காலேஜ் 1945லேருந்து நடக்குது, மலேசியாவுல ஐஎம்யூல இதுக்குன்னு டிகிரி கோர்ஸ் இருக்கு, அதனால தமிழ்ப் பிள்ளைங்க இந்தப் படிப்புக்கு வர்றது ஒண்ணும் அதிசயம் இல்ல.

இந்தத் தொழில் பிறந்த கதையே ஒரே ஒரு பேஷன்டோட கதை. 1895 செப்டம்பர்ல அயோவா மாநிலம் டேவன்போர்ட்ல டி.டி. பாமர்ங்கிறவரு ஹார்வி லில்லார்ட்னு ஒருத்தரோட முதுகுல அழுத்தினாரு, காது சரியா கேக்காம இருந்த மனுஷனுக்குக் காது கேட்டுச்சுன்னு சொன்னாரு. ரெண்டு வருஷத்துல காலேஜே ஆரம்பிச்சாச்சு. ஒரு பேஷன்டை வச்சு இவ்வளவு பெரிய முடிவுக்குப் போனதோட விலையை இந்தத் தொழில் அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல குடுத்துக்கிட்டிருக்கு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோம், அது சரிதான், ஏன்னா பானையில இருக்கிற எல்லாம் ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே அடுப்பு. மனுஷங்க அப்படி இல்ல. ஒருத்தருக்குச் சரியானது அடுத்தவருக்குச் சரியாகும்னு சொல்றதுக்கு இன்னும் நிறைய வேலை பாக்கணும், அந்த நிறைய வேலைக்குப் பேருதான் ரிசர்ச்.

1975ல அமெரிக்க அரசாங்கத்தோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச் இதுக்குன்னே ஒரு மாநாடு கூட்டுச்சு, டாக்டர்ங்க, ஆஸ்டியோபதி ஆளுங்க, கைரோபிராக்டர்ங்க எல்லாரும் உக்காந்து பேசி, மேனிபுலேஷன், அதாவது கையால அழுத்திப் பண்ற இந்த சிகிச்சை, வேலை செய்யுதுன்னும் சொல்ல ஆதாரம் போதாது, செய்யலைன்னும் சொல்ல போதாதுன்னு முடிச்சாங்க. அடுத்த வருஷம் செஸ்டர் வில்க்கும் கூட சில கைரோபிராக்டர்களும் அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் மேல கேஸ் போட்டாங்க, எங்ககூட எந்த டாக்டரும் சேரக் கூடாதுன்னு திட்டம் போட்டு ஒதுக்குறாங்கன்னு. 1987ல தீர்ப்பு கைரோபிராக்டர்ங்க பக்கம் வந்துச்சு. கோர்ட்ல ஜெயிச்சது பெரிய விஷயம்தான், ஆனா சிகிச்சை வேலை செய்யுதாங்கிற கேள்விக்குக் கோர்ட் பதில் சொல்ல முடியாதுல்ல, அதுக்கு ட்ரயல், அதாவது பேஷன்டுங்களைக் குரூப்பா பிரிச்சு ஒப்பிட்டுப் பாக்கிற சோதனைதான் வேணும்.

ட்ரயல்ங்க வர ஆரம்பிச்சுது. 1990ல பிரிட்டன்ல மீட்னு ஒரு டாக்டர் தலைமையில 741 கீழ்முதுகு வலி பேஷன்டுங்களை வச்சு நடந்த ஸ்டடி. 2018ல கிறிஸ்டின் கோர்ட்ஸ் தலைமையில அமெரிக்க ராணுவத்துல மூணு மருத்துவமனையில 750 பேரை வச்சு நடந்த ட்ரயல், பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும், பாதிப் பேருக்கு அதோட சேத்து கைரோபிராக்டிக், ஆறு வாரம் கழிச்சுப் பாத்தா சேத்துக் குடுத்தவங்களுக்கு வலியும், அன்றாட வேலை செய்ய முடியாமையும் கொஞ்சம் கூடுதலா குறைஞ்சிருந்துச்சு. 2017ல ஜாமாங்கிற மருத்துவ ஜர்னல்ல வந்த ரிவியூ, அதாவது பல ஸ்டடியைச் சேத்துப் பாத்த கட்டுரை, திடீர்னு வர்ற முதுகுவலிக்கு மேனிபுலேஷன் பண்ணா நூறு புள்ளி அளவுகோல்ல ஏறக்குறைய பத்து புள்ளி கூடுதலா குறையுதுன்னு சொல்லுச்சு. பத்து புள்ளின்னா அற்புதமும் இல்ல, ஒண்ணுமில்லாததும் இல்ல. சுமாரான ஒரு பலன். 2019ல பிஎம்ஜேங்கிற இன்னொரு மருத்துவ ஜர்னல்ல வந்த ரிவியூ 47 ட்ரயலைச் சேத்துப் பாத்துட்டு, நாள்பட்ட முதுகுவலிக்கு இது மத்த சிபாரிசு பண்ற சிகிச்சைங்க அளவுக்கே பலன் தருதுன்னு முடிச்சுது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு ஸ்டூடண்ட் தெரிஞ்சு வச்சுக்கணும், இதை மறைச்சு சொல்லிக்குடுக்கிறவங்ககிட்ட நீங்க ரிசர்ச் கத்துக்க முடியாது. 2008ல சைமன் சிங்னு ஒரு அறிவியல் எழுத்தாளர், குழந்தைங்களுக்கு வர்ற வயித்துவலி, ஆஸ்துமாவையெல்லாம் குணமாக்குவோம்னு கைரோபிராக்டர்ங்க சொல்றதுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதினாரு. பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் அசோசியேஷன் அவரு மேல அவதூறு வழக்கு போட்டுச்சு, 2010ல வழக்கை அவங்களே வாபஸ் வாங்கிக்கிட்டாங்க, நாடு முழுக்க பேர் கெட்டதுதான் மிச்சம். எழுதினவரை கோர்ட்டுக்கு இழுக்கிறதுக்குப் பதிலா நல்ல ட்ரயலை மேஜையில வச்சிருக்கணும். அந்த ட்ரயல் அவங்ககிட்ட இல்ல.

சரி, இப்ப ஸ்டடியில என்னென்ன வகை இருக்குன்னு பாப்போம், ஏன்னா எந்த வகையில உங்களுக்கு இடம் இருக்குன்னு தெரிஞ்சாதான் போய் கதவைத் தட்ட முடியும்.

கேஸ் ரிப்போர்ட்னா ஒரு பேஷன்டைப் பத்தி ஒழுங்கா எழுதுறது. கேஸ் கன்ட்ரோல்னா நோய் வந்தவங்களையும் வராதவங்களையும் எடுத்துக்கிட்டு அவங்க முன்னாடி என்ன பண்ணியிருந்தாங்கன்னு பின்னோக்கிப் பாக்குறது. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் கேசிடி குழு 2008ல ஒன்டாரியோவுல பண்ணது. கழுத்தை அட்ஜஸ்ட் பண்ணா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வருமாங்கிறது இந்தத் தொழில்ல இருக்கிறதுலயே பயமான கேள்வி. அவங்க அந்த வகை பக்கவாதம் வந்த 818 பேரோட ரெக்கார்டை எடுத்துப் பாத்தாங்க. 45 வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல பக்கவாதம் வந்தவங்க அதுக்கு முன்னாடி கைரோபிராக்டர்கிட்ட போயிருக்கிறது மத்தவங்களை விட ஏறக்குறைய மூணு மடங்கு அதிகம். இங்கயே நிறுத்திட்டா கைரோபிராக்டர்தான் காரணம்னு தோணும். ஆனா அவங்க அதே கணக்கைச் சாதாரண குடும்ப டாக்டர்கிட்ட போனவங்களுக்கும் போட்டாங்க, அங்கயும் அதே மாதிரிதான் வந்துச்சு. குடும்ப டாக்டர் கழுத்தைத் திருப்புறதில்லையே? அப்ப ரத்தக்குழாய் ஏற்கெனவே கிழிய ஆரம்பிச்சு, அதனால வந்த கழுத்துவலி தலைவலிக்காகத்தான் இவங்க ரெண்டு பேர்கிட்டயும் போயிருக்காங்கன்னு ஒரு விளக்கம் வந்துச்சு. இதையும் எல்லாரும் ஒத்துக்கல, மருத்துவமனை ரெக்கார்டுல நோய்க்குப் போட்ட குறியீடு எவ்வளவு சரின்னு கேள்வி கேட்டவங்க இருக்காங்க. ஒரு ஸ்டூடண்ட் இந்த ஒரு பேப்பரையும் அதுக்கு வந்த விமர்சனத்தையும் சேத்து உக்காந்து படிச்சா ஒரு செமஸ்டர் பாடத்தை விட அதிகம் கத்துக்கலாம்னு நான் உறுதியா நம்புறேன்.

அப்புறம் ட்ரயல். ரெண்டு குரூப்பா சீட்டு போட்ட மாதிரி பிரிச்சு ஒப்பிட்டுப் பாக்குறது. எதுக்கு ரெண்டு குரூப்பு, சிகிச்சை குடுத்தோம், சரியாச்சு, போதாதான்னு நிறைய பேரு கேக்குறாங்க. போதாது, ஏன்னா மனுஷன் கிளினிக்குக்கு எப்ப வர்றான்? வலி உச்சத்துல இருக்கும்போதுதான் வர்றான். உச்சத்துல இருக்கிற வலி எதுவுமே பண்ணாட்டியும் அடுத்த சில வாரத்துல இறங்கத்தான் பாக்கும், திடீர்னு வந்த முதுகுவலியில பெரும்பாலானது அப்படித்தான். நடுவுல நீங்க அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா பேரு உங்களுக்கு, கசாயம் குடிச்சிருந்தா பேரு கசாயத்துக்கு. ரெண்டு குரூப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சாதான் தானா இறங்கினது எவ்வளவு, சிகிச்சையால இறங்கினது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்க முடியும். அந்த ராணுவ ட்ரயல்லயும் ஒரு குறை இருக்கு, யாருக்கு எந்த சிகிச்சைன்னு பேஷன்டுக்கே தெரியும், கூடுதலா ஒருத்தர் வந்து அக்கறையா தொட்டுப் பாத்ததே வலியைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம். மாத்திரையில டம்மி மாத்திரை குடுக்கிற மாதிரி கையால பண்ற சிகிச்சைக்கு டம்மி பண்றது ரொம்பக் கஷ்டம், இந்தத் துறையோட பெரிய தலைவலி இது.

கடைசியா சிஸ்டமேடிக் ரிவியூ, அதாவது ஒரு கேள்விக்கு இதுவரைக்கும் வந்த எல்லா ஸ்டடியையும் வலை போட்டுத் தேடி, தரம் பாத்து, சேத்து முடிவு சொல்றது. ஸ்டூடண்டுக்கு ரொம்பத் தோதான வேலை இதுலதான் இருக்கு. 2019 செப்டம்பர்ல டொரன்டோவுல பியர் கோட்டே தலைமையில ஒரு கூட்டம் நடந்துச்சு, எட்டு நாட்டுலேருந்து ஐம்பது ஆராய்ச்சியாளர்ங்க. கேள்வி என்னன்னா எலும்பு மூட்டு சம்பந்தமில்லாத நோய்களுக்கு, அதாவது ஆஸ்துமா, குழந்தைங்க வயித்துவலி, பிரஷர், மாதவிடாய் வலி, மைக்ரேன் மாதிரி, மேனிபுலேஷன் பலன் தருதா. தேடினப்ப வந்த பேப்பர் 4997. ஒரே பேப்பர் ரெண்டு தடவ வந்ததெல்லாம் கழிச்சா 3874. தலைப்பையும் சுருக்கத்தையும் ஒவ்வொண்ணா படிச்சு ஒதுக்கி, கூட்டத்துல உக்காந்து அலசுனது 32, தேறினது 16, அதுலயும் தரம் போதுமானதா இருந்தது ஆறே ஆறு ட்ரயல். பலன் இருக்குன்னு காட்ட ஆதாரம் கிடைக்கலைன்னு முடிவு. கைரோபிராக்டிக் காலேஜ் கட்டடத்துக்குள்ளயே, பெரும்பாலும் கைரோபிராக்டிக் பின்னணி உள்ளவங்களே உக்காந்து, தங்களுக்குப் பிடிக்காத பதிலை எழுதி வெளியிட்டாங்க. எனக்கு இந்தத் தொழில் மேல மரியாதை வந்ததுக்கு இந்தப் பேப்பர் ஒரு முக்கிய காரணம்.

அந்த 3874ஐ கவனிங்க. ரிவியூ எதுவானாலும் யாரோ உக்காந்து ஆயிரக்கணக்கான தலைப்பை வேணும், வேணாம், தெரியலைன்னு பிரிச்சாகணும். ஒருத்தர் மட்டும் பண்ணக் கூடாது, ரெண்டு பேரு தனித்தனியா ஒருத்தர் முடிவு ஒருத்தருக்குத் தெரியாம பண்ணணும், அப்புறம் ஒப்பிட்டுப் பாத்து ஒத்துப்போகாததைப் பேசித் தீக்கணும், முடியலன்னா மூணாவது ஆளு. ராயன்னு ஒரு ஆன்லைன் டூல் இதுக்கு இருக்கு, ஆரம்பிக்கிறதுக்குக் காசு வேணாம். ப்ரொஃபசருங்களுக்கு எப்பவும் இந்த வேலைக்கு ஆளு பத்தாது. உங்களுக்கோ ஐநூறு சுருக்கத்தைப் படிச்சு முடிக்கிறப்ப எது ஒழுங்கான ஸ்டடி, எது தலைப்புல மட்டும் பெருசுன்னு மூக்குலயே வாசம் பிடிக்கிற அளவுக்குப் பழகிடும்.

எங்கேருந்து ஆரம்பிக்கணும்னா படிக்கிறதுலேருந்துதான். மருத்துவப் பேப்பருங்களைத் தேடுற பப்மெட்ங்கிற தளம் இலவசம். கைரோபிராக்டிக்குக்குன்னே தனியா இண்டெக்ஸ் டு கைரோபிராக்டிக் லிட்ரேச்சர்னு ஒரு தேடுபொறி இருக்கு, அதுவும் இலவசம். கைரோபிராக்டிக் அண்ட் மேனுவல் தெரபிஸ்ங்கிற ஜர்னலும் கனடியன் கைரோபிராக்டிக் அசோசியேஷனோட ஜர்னலும் காசில்லாம முழுசா படிக்கலாம். 1978லேருந்து வர்ற ஜேஎம்பிடிங்கிற ஜர்னல் காலேஜ் லைப்ரரி வழியா கிடைக்கும். வாரத்துக்கு ஒரு பேப்பர் போதும், ஆனா சுருக்கத்தை மட்டும் படிச்சுட்டு மூடாதீங்க, யாரைச் சேத்தாங்க, எப்படி அளந்தாங்க, பாதியில எத்தனை பேரு விட்டுட்டுப் போனாங்கன்னு நடுப்பக்கத்துல இருக்கிறதுதான் சமாச்சாரமே. மூணு நாலு பேரு சேந்து ஒரு ஜர்னல் கிளப் மாதிரி வச்சுக்கிட்டு ஒருத்தர் பேப்பரைச் சொல்ல மத்தவங்க குறை கண்டுபிடிக்கிறது தனியா படிக்கிறதை விட பல மடங்கு மேல்.

அடுத்தது ஒரு ஆளைப் பிடிக்கணும். இதுலதான் நிறைய ஸ்டூடண்டுங்க சொதப்புறாங்க. "எனக்கு ரிசர்ச்ல ஆர்வம், ஏதாவது வாய்ப்பு இருந்தா சொல்லுங்க"ன்னு நாலு ப்ரொஃபசருக்கும் ஒரே மெயிலை அனுப்புறாங்க, பதில் வராது, மனசு விட்டுப் போயிடுது. இப்படி எழுதிப் பாருங்க: "வணக்கம் டாக்டர், நான் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். கழுத்துவலி பத்தி உங்க டீம் போட்ட ரிவியூவைப் படிச்சேன், அதுல 65 வயசுக்கு மேல உள்ளவங்களை ஏன் சேக்கலைங்கிறது எனக்குப் புரியல. இப்ப நடக்கிற ப்ராஜெக்ட்ல ஸ்க்ரீனிங், டேட்டா என்ட்ரி மாதிரி வேலை இருந்தா வாரத்துக்கு மூணு மணி நேரம் என்னால குடுக்க முடியும். பரீட்சை முடியிற வரைக்கும் சனிக்கிழமை மட்டும்தான்." அவரு பேப்பரைப் படிச்சிருக்கீங்க, யோசிச்சிருக்கீங்க, என்ன வேலைக்கு வர்றீங்க, எவ்வளவு நேரம்னு எல்லாமே அதுல இருக்கு. மூணு மணி நேரம்னு சொல்லிட்டு மூணு மணி நேரம் ஒழுங்கா குடுத்தீங்கன்னா அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு அவரே கூப்பிடுவாரு. பத்து மணி நேரம்னு சொல்லிட்டு நடு செமஸ்டர்ல காணாம போனா அந்தக் கதவு மூடிடும், கைரோபிராக்டிக் உலகம் ரொம்பச் சின்னது.

சொந்தமா ஒண்ணு எழுதணும்னா கேஸ் ரிப்போர்ட்தான் முதல் படி. ஒரு சோறு பதம் இல்லைன்னு மேல சொன்னேன், அதனால கேஸ் ரிப்போர்ட்டே வேணாம்னு அர்த்தம் இல்ல. எதிர்பாக்காத ஒண்ணைக் கவனிச்சு, இதைப் பாருங்கப்பான்னு மத்தவங்களுக்குச் சொல்றதுக்கு அதுதான் வழி. முதுகுவலின்னு வந்தவருக்குப் பரிசோதனையில வேற ஏதோ பெரிய நோய் இருக்கிறது தெரிஞ்சு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்கன்னா, அப்படி ஒரு கேஸ் நூறு கிளினிக்குக்கு உதவும். நான் பத்து தடவ அட்ஜஸ்ட் பண்ணேன், பேஷன்ட் சூப்பரா ஆயிட்டாருங்கிற கேஸ் யாருக்கும் உதவாது. கேஸ் ரிப்போர்ட்ல என்னென்ன இருக்கணும்னு கேர்னு ஒரு செக்லிஸ்ட் 2013ல வந்துச்சு, 13 ஐட்டம், தேதிவாரியா நடந்தது, பேஷன்ட் அவரு வாயால சொன்னது, அவரோட சம்மதம் எல்லாம் அதுல வரும். எழுத ஆரம்பிச்ச பிறகு அதை எடுக்காதீங்க, பேஷன்டை முதல்ல பாக்கிற அன்னைக்கே பக்கத்துல இருக்கணும், ஏன்னா அன்னைக்கு அளக்காததை அப்புறம் அளக்கவே முடியாது.

அளக்கிறதுன்னா உதாரணத்துக்கு நெக் டிஸெபிலிட்டி இண்டெக்ஸ். இதை உருவாக்குனவங்களே டொரன்டோ காலேஜ்ல இருந்த ஹோவர்ட் வெர்னன், சில்வானோ மியர்னு ரெண்டு கைரோபிராக்டர்ங்கதான், 1991ல வந்துச்சு, இன்னைக்கு உலகம் முழுக்க பிசியோக்களும் சர்ஜன்களும் கூட பயன்படுத்துறாங்க. பத்து கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துலேருந்து அஞ்சு, மொத்தம் ஐம்பது. படிக்க முடியுதா, தூக்கம் வருதா, வண்டி ஓட்ட முடியுதா, கனமானதைத் தூக்க முடியுதான்னு வாழ்க்கையில நடக்கிறதைக் கேக்கும். முதல் நாள் 24, ஆறு வாரம் கழிச்சு 11ன்னு எழுதினா படிக்கிறவருக்கு ஏதோ புரியும், "நல்ல முன்னேற்றம்"னு எழுதினா ஒண்ணும் புரியாது. அந்த 24ஐ முதல் நாளே சிகிச்சைக்கு முன்னாடி வாங்கியிருக்கணும். முன்னேற்றம் தெரிஞ்ச பிறகு, அப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்திக் கேட்டு எழுதினா அது டேட்டா ஆகாது.

எத்திக்ஸ் விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். அமெரிக்காவுல டஸ்கீகின்னு ஒரு ஊர்ல 1932லேருந்து 1972 வரைக்கும் சிஃபிலிஸ் நோய் வந்த கருப்பின ஆண்களுக்கு, மருந்து கிடைச்ச பிறகும் குடுக்காம, நோய் எப்படிப் போகுதுன்னு அரசாங்க டாக்டருங்களே வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தாங்க. அது வெளியில வந்த பிறகுதான் 1979ல பெல்மான்ட் அறிக்கை, மனுஷங்களை வச்சு எந்த ஸ்டடி பண்ணணும்னாலும் எத்திக்ஸ் போர்டு அனுமதிங்கிறதெல்லாம் கறாராச்சு. அதனால ஃபார்ம் நிரப்புறது எரிச்சலா இருந்தாலும் அது எதுக்கு வந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கங்க. கிளாஸ்ல இருக்கிற இருபது பேருக்கு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பி சர்வே எடுக்கிறதுக்கும் முதல்ல போர்டைக் கேட்டுக்கணும், எடுத்துட்டு அப்புறம் அனுமதி கேட்டா அந்த டேட்டாவைப் பயன்படுத்தவே முடியாம போகலாம். கனடாவுல டிசிபிஎஸ் கோர்ங்கிற ஆன்லைன் எத்திக்ஸ் பயிற்சி இலவசம், அமெரிக்க காலேஜுங்கள்ல பெரும்பாலும் சிட்டின்னு ஒண்ணு முடிக்கச் சொல்வாங்க. ப்ராஜெக்ட் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்காம லீவுலயே முடிச்சு சர்டிஃபிகேட்டை வச்சுக்கிட்டா, ப்ரொஃபசர்கிட்ட பேசப் போறப்ப பாதி வேலை முடிஞ்ச ஆளா போவீங்க.

ஸ்டாடிஸ்டிக்ஸ் நினைச்சு பயப்படுறவங்க நிறைய. முழுசா தெரிய வேணாம், கணக்குக்குன்னு ஆளு டீம்ல இருப்பாங்க. ஆனா ஒரு ரிசல்ட்டைப் பாத்தா வித்தியாசம் எவ்வளவு பெருசு, அது பேஷன்டுக்கு உறைக்கிற அளவா, கான்ஃபிடென்ஸ் இன்டர்வல், அதாவது உண்மையான அளவு எதுலேருந்து எது வரைக்கும் இருக்கலாம்ங்கிற வரம்பு, எவ்வளவு அகலம்னு மூணையும் கேக்கத் தெரிஞ்சிருக்கணும். பி வேல்யூ, அதாவது உண்மையில வித்தியாசமே இல்லாட்டியும் இப்படி ஒரு ரிசல்ட் வர்ற வாய்ப்பு, 0.05க்குக் கீழ வந்துடுச்சுன்னு குதிக்கிறது மட்டும் ரிசர்ச் இல்ல.

பேரு போடுறதைப் பத்தியும் ஆரம்பத்துலயே பேசிடுங்க, கூச்சப்படாதீங்க. மருத்துவ ஜர்னல் எடிட்டருங்க சேந்து வச்ச விதிப்படி ஆத்தர்னு பேரு வர நாலு கண்டிஷன், வேலையில உருப்படியான பங்கு, எழுதுறதுல இல்ல திருத்துறதுல பங்கு, கடைசி வடிவத்துக்குச் சம்மதம், மொத்தத்துக்கும் பொறுப்பு. வெறும் டேட்டா என்ட்ரி பண்ணா நன்றின்னு போடுவாங்க, அதுவும் மரியாதைதான். ஆத்தர் ஆகணும்னா எழுதுற இடத்துலயும் உக்காருங்க. அப்புறம் மெயில்ல "மதிப்பிற்குரிய ப்ரொஃபசர் அவர்களே, உங்க பேப்பரை ஒரே வாரத்துல போடுறோம்"னு காசு கேட்டு வர்ற ஜர்னல் பக்கமே போகாதீங்க, அந்தப் பேரு உங்க ரெஸ்யூமேல கடைசி வரைக்கும் நிக்கும்.

இதுக்கு மேல போகணும்னு தோணினா வழி இருக்கு. ஸ்காட் ஹால்டமன் 1964ல பாமர் காலேஜ்ல கைரோபிராக்டிக் முடிச்சு, அப்புறம் நரம்பியல்ல பிஎச்டி, அப்புறம் எம்டி பண்ணி, கழுத்துவலிக்கான உலக அளவு டாஸ்க் ஃபோர்ஸுக்கே தலைமை தாங்கினாரு. டென்மார்க்ல ஓடென்ஸ்ல இருக்கிற யுனிவர்சிட்டி ஆஃப் சதர்ன் டென்மார்க்ல கைரோபிராக்டர் ஆகப் போறவங்க மெடிக்கல் ஸ்டூடண்டுங்களோடவே சேந்து படிக்கிறாங்க, முடிக்கிறப்ப தீசிஸ் எழுதணும், அங்க ப்ரொஃபசரா இருக்கிற யான் ஹார்ட்விக்சன் 2018ல லான்செட்ங்கிற மருத்துவ ஜர்னல்ல வந்த கீழ்முதுகு வலி தொடரோட முதல் பேப்பருக்கு முதல் ஆத்தர். எல்லாரும் அந்த அளவுக்குப் போகணும்னு இல்ல. டேவன்போர்ட்லயே பாமர் காலேஜ்ல தனி ரிசர்ச் சென்டர் இருக்கு, பேஷன்ட் பாத்துக்கிட்டே வருஷத்துக்கு ஒரு ட்ரயலுக்கு ஆளு சேத்துக் குடுக்கிற கிளினிக் டாக்டரும் ரிசர்ச்சுல இருக்கிறவருதான்.

பாடம் ஏற்கெனவே கழுத்தை நெரிக்குது, அனாட்டமி, லேப், கிளினிக் ஷிஃப்ட், போர்டு எக்ஸாம், இதுல இதுக்கு எங்க நேரம்னு கேக்குறது நியாயம்தான். அதனாலதான் சின்னதா எடுங்கன்னு சொல்றேன், ஒரு ரிவியூவுக்கு ஸ்க்ரீனிங், ஒரு கேஸ் ரிப்போர்ட், அவ்வளவுதான், சம்மர் லீவுல பாதி முடிஞ்சிடும். ரிவியூவா இருந்தா தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திட்டத்தை ரிவியூங்களுக்கான ப்ராஸ்பெரோங்கிற பதிவேட்டுல பதிவு பண்ணச் சொல்லி டீம்ல கேளுங்க, ட்ரயலா இருந்தா கிளினிக்கல் ட்ரயல் ரெஜிஸ்ட்ரில. பின்னாடி ரிசல்ட் பிடிக்கலைன்னு கேள்வியை மாத்திக்கிட முடியாம அது தடுக்கும். ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் ஒண்ணும் இல்லைன்னு வந்தா டீம்ல சோர்வு வரும், யாரு இதைப் போடுவாங்கன்னு ஒருத்தர் சொல்லுவாரு, ஃபைல் அப்படியே ட்ராயருக்குள்ள போயிடும், அடுத்த வருஷம் வேற ஊர்ல வேற ஒரு டீம் அதே வேலையை அதே காசைச் செலவு பண்ணித் திரும்பப் பண்ணும். அங்கதான் ஸ்டூடண்ட் ஒருத்தர் உக்காந்து முதல் டிராஃப்டை எழுதிக் குடுத்தாப் போதும், பெரியவங்க திருத்திக்குவாங்க. கைரோபிராக்டிக் காலேஜுங்க சேந்து நடத்துற ரிசர்ச் கான்ஃபரன்ஸ்ல போஸ்டருக்கு ஒரு சின்ன சுருக்கம் எழுதி அனுப்பினாலே போதும், அதுக்குக் கடைசித் தேதி என்னன்னு இன்னைக்கே பாத்து வச்சுக்கங்க.